சந்தைக் கடைக்கு வருகிறவர்களுக்கு 1,200 ராண்டுக்குள் என்ன இனாம் கொடுக்கலாம்?

சாட்ஸ்வொர்த் டப்பாக்கடை கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு கம்பெனியின் சமையலறை டப்பாக்களும் பாத்திரங்களும் நேரடி விற்பனையில் விற்கிறேன். அக்டோபர் மாதத்தின் முதல் சனி, ஞாயிறில் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் நடக்கும் தீபாவளிச் சந்தையில் ஒரு மேசை எடுத்திருக்கிறேன். கூடாரம் உண்டு, பக்கத் தட்டி கிடையாது. மேசைப் பக்கம் 300 பேர் வரலாம் என்று கணக்கு. இனாமுக்கு 1,200 ராண்ட் ஒதுக்கியிருக்கிறேன்.

யோசித்து வைத்திருப்பவை: பெயர் அச்சிட்ட பேனா, பிள்ளைகளுக்கு ஜெல்லி மிட்டாய், வீட்டில் கட்டிய சின்ன மசாலாப் பாக்கெட், கடைசியில் ஒரு லக்கி டிரா. இதில் எது பணத்துக்குப் பழுதில்லை, எது வம்பில் கொண்டுபோய் விடும்?

---

வெருலம் சந்தைக்காரி:

தங்கச்சி, முதலில் ஜெல்லி மிட்டாயை அடித்துவிடுங்கள். பெரும்பாலான ஜெல்லி மிட்டாயிலும் மார்ஷ்மெல்லோவிலும் ஜெலட்டின் இருக்கிறது. அது மாடு அல்லது பன்றியின் தோலிலும் எலும்பிலும் எடுப்பது. நீங்கள் சொல்லும் நாள் புரட்டாசிச் சனிக்கிழமை. விரத வீட்டுப் பிள்ளை கையில் அதைக் கொடுத்தால் தாய் அதைத் திருப்பி வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள், உங்கள் டப்பாவை ஏறிட்டும் பார்க்க மாட்டாள். முஸ்லிம் வீட்டாருக்கும் ஹலால் முத்திரை இல்லாத மிட்டாய் ஆகாது. சாக்லேட் கூடாரத்து வெயிலில் பத்து மணிக்கே இளகிவிடும். பிள்ளைகளுக்கு ஒட்டுப்படம் கொடுங்கள், போதும்.

வீட்டில் கட்டிய மசாலாவும் வேண்டாம். ருசியைப் பற்றிச் சொல்லவில்லை. பொதுமக்களுக்குக் கொடுக்கும் உணவைக் கையாளும் இடத்துக்கு 2018ஆம் ஆண்டின் ஆர்638 என்ற அரசு விதிப்படி நகராட்சியின் தகுதிச் சான்றிதழ் வேண்டும். பாக்கெட் லேபிளுக்கு 2010ஆம் ஆண்டின் ஆர்146 தனியாக இருக்கிறது: சேர்மானம், ஒவ்வாமைப் பொருள், கட்டியவர் முகவரி, தேதி எல்லாம் போட வேண்டும். மேசைக்கு ஒரு சுகாதார ஆய்வாளர் வந்தால் இனாம்தானே என்ற சாக்கு எடுபடாது. மசாலாதான் வேண்டும் என்றால் லேபிளோடு ஆலையில் அடைத்த சின்னப் பாக்கெட்டை மொத்த விலையில் வாங்கி, அதோடு உங்கள் அட்டையைச் சேர்த்துக் கட்டுங்கள்.

பேனா பரவாயில்லை ரகம். எல்லா மேசையிலும் அதுதான் கிடைக்கும், வீட்டுக்குப் போனால் இழுப்பறைக்குள் போய்விடும். அச்சுக்கு ஆரம்பக் கூலி தனியாகக் கேட்பார்கள். நூறு பேனாவுக்கும் அதே கூலி, ஆயிரத்துக்கும் அதே கூலி, அதனால் சின்ன ஆர்டரில் கட்டுப்படியாகாது.

நீங்கள் விற்பது சமையலறைச் சாமான். இனாமும் சமையலறையில் போய் உட்கார வேண்டும். எல்லோருக்கும் ஒரே பொருள் என்றும் வைக்காதீர்கள். கடந்து போகிறவருக்கு ஒன்று, நின்று பேசுகிறவருக்கு ஒன்று, வாங்குகிறவருக்கு ஒன்று என்று மூன்று படி வையுங்கள். கணக்கு இப்படி வரும்: 300 பேருக்குத் தலைக்கு 1.50 ராண்ட், அது 450. நின்று பேசும் 100 பேருக்கு 3 ராண்ட், அது 300. வாங்கும் 30 பேருக்கு 12 ராண்ட், அது 360. மொத்தம் 1,110. மீதி 90 ராண்டைத் தொடாதீர்கள், கெட்டுப்போன அச்சுக்கும் பசைக்கும் அது வேண்டும்.

பேசுகிறவருக்கு மூடி திறக்கும் துண்டு நல்ல பொருள். அலமாரியில் விரிக்கும் வழுக்காத வலைப்பாயை 30 செ.மீ. அகலம், 150 செ.மீ. நீளச் சுருளாக வாங்கி 15 செ.மீ. சதுரமாக வெட்டினால் ஒரு சுருளில் 20 துண்டு, ஐந்து சுருளில் 100. ஊறுகாய் ஜாடியின் இறுகிய மூடி மேல் போட்டுத் திருகினால் கழன்றுவிடும். கையில் வலி உள்ள பெரியவர்கள் இதைக் கேட்டு வாங்குவார்கள். வலையில் ஒட்டுத்தாள் நிற்காது, ஆகையால் ஓரத்தில் ஒரு வெட்டுப் போட்டு அட்டையைச் செருகுங்கள். பின்னல் மெல்லிசாக இருந்தால் இரண்டாம் திருகிலேயே கிழியும், வாங்கும்போது கையால் முறுக்கிப் பாருங்கள். வெட்டிய துண்டுகளை அடுக்கிக் காருக்குள் வெயிலில் விட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், ஆகவே நடுவில் பழைய பேப்பரை வையுங்கள்.

வாங்குகிறவருக்குத் துணிப்பை. 2003 முதல் கடையில் பிளாஸ்டிக் பைக்குக் காசு கொடுக்கிற ஊர் இது, பையை யாரும் எறிய மாட்டார்கள். 80 ஜிஎஸ்எம்முக்குக் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கு) குறைந்த நெய்யாத துணி வேண்டாம். காது தைத்த இடத்தில் கட்டம் போட்டுக் குறுக்குத் தையல் இருக்கிறதா என்று பாருங்கள். ஒற்றைக் கோடாகத் தைத்திருந்தால் இரண்டு கிலோ உருளைக்கிழங்குக்கே பிய்ந்துவிடும்.

---

டோங்காட் தோட்டம்:

கடந்து போகிறவருக்கு விதைப் பாக்கெட் கொடுங்கள் அக்கா. இந்த விலைக்கு அதைவிட நல்லது கிடைக்காது.

எல்லோரும் கொத்தமல்லியைத்தான் நினைப்பார்கள், நம்மூரில் தன்யா என்று சொல்லும் அது இல்லாத கறி ஏது. ஆனால் அக்டோபரில் கொடுத்தால் வெயில் ஏறும் காலத்தில் முளைத்து, இலை தழைப்பதற்குள் பூத்துவிடும். தன்யா ஈஸ்டர் பக்கம் கொடுக்க வேண்டியது. தீபாவளிக்கு வெந்தயம். இரவு ஊறப்போட்டால் மூன்று, நான்கு நாளில் முளை தெரியும், மூன்று வாரத்தில் இளங்கீரையாகக் கிள்ளலாம். சீக்கிரம் பலன் தெரிகிற பயிரைக் கொடுத்தால்தான் பாக்கெட்டில் இருக்கும் உங்கள் பெயர் நினைவில் நிற்கும்.

பாக்கெட்டுக்கு 2 கிராம், அதாவது சமமாகத் தட்டிய ஏறக்குறைய அரைத் தேக்கரண்டி. 300 பாக்கெட்டுக்கு 600 கிராம். மசாலாக் கடை வெந்தயமே போதும், ஆனால் வறுக்காததா என்று கேட்டு வாங்குங்கள். வாங்கியதும் 20 விதையை ஈரத் துணியில் சுற்றி வையுங்கள். ஐந்து நாளில் 15க்குக் குறைவாக முளைத்தால் அது பழசு, வேறு கடை பாருங்கள். பாக்கெட் கட்டிய பிறகு இந்தச் சோதனையைச் செய்து பயனில்லை.

காகித உறைதான் வேண்டும். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கி டர்பன் புழுக்கத்துக்குப் பூசணம் பிடிக்கும். ஸ்டேப்ளர் பின் போட வேண்டாம், கடல் காற்றில் துருப்பிடித்துக் கறை படியும். பசைக்குச்சியால் ஒட்டுங்கள். உறையின் பின்பக்கம் நான்கே வரி: ஒரு இரவு ஊறவை, ஒரு செ.மீ. ஆழத்தில் தூவு, காலையில் நீர், ஒரு சாண் உயரத்தில் கிள்ளு. அதற்குக் கீழே 'விதைப்பதற்கு மட்டும்' என்று போட்டுவிடுங்கள்.

---

அச்சுக்கூடம்:

லேபிளுக்கு ஒரு தாளில் 21 வரும் ஏ4 ஒட்டுத்தாள் (63.5 × 38.1 மி.மீ.) எடுங்கள். 300க்கு 15 தாள் போதும், ஒரு தாள் கூடுதலாக வாங்குங்கள். வீட்டு இங்க்ஜெட்டில் அடித்தால் வியர்வைக் கை பட்டதும் மை பரவும். லேசர் அச்சு அப்படிக் கரையாது.

க்யூஆர் கட்டம் 2 செ.மீ.க்குக் குறையக் கூடாது, சுற்றி வெள்ளை இடம் விடுங்கள். பளபளக்கும் தாளில் கூடார வெளிச்சம் அடித்தால் போன் படிக்காது, மங்கல் தாளே நல்லது. அதில் வைக்கும் வாட்ஸ்அப் சுட்டிக்கு நாட்டு எண் 27 போட்டபின் எண்ணின் முதல் பூஜ்யத்தை எடுத்துவிட வேண்டும். 082 என்று தொடங்கும் எண் 2782 ஆகும். இதை மறந்து மொத்தத் தாளையும் அடித்துவிட்டு வருகிறவர்கள் நிறைய. ஒரு தாள் அடித்து இரண்டு பழைய போனில் சோதித்த பிறகே மீதியை அடியுங்கள்.

உங்கள் கம்பெனியின் சின்னத்தைத் தனி விற்பனையாளர் எப்படிப் போடலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். அதைப் படிக்காமல் அச்சுக்குக் கொடுக்காதீர்கள்.

இன்னொரு யோசனை. ஏ4 அட்டையை இரண்டாக வெட்டி ஏ5 அளவில் அடுத்த ஆண்டு விரத நாள்காட்டி போடலாம்: அமாவாசை, பௌர்ணமி, தைப்பூசக் காவடி, புரட்டாசிச் சனிக்கிழமைகள், தீபாவளி. 50 அட்டையில் 100 வரும். ஆண்டு முழுவதும் அலமாரிக் கதவில் தொங்கும் விளம்பரம் இது ஒன்றுதான் என்பது என் எண்ணம். தேதிகளை இந்திய நாள்காட்டியிலிருந்து அப்படியே எடுக்காதீர்கள். நாம் இந்தியாவுக்கு மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறோம், சூரிய உதயமும் வேறு. திதி நம் ஊரில் முந்தின நாளில் விழலாம். கோயிலில் கொடுக்கும் உள்ளூர்ப் பட்டியலை வைத்து ஒவ்வொரு தேதியையும் சரிபாருங்கள். ஒரு அமாவாசை தப்பினால் போதும், அந்த அட்டை சுவரை விட்டு இறங்கிவிடும்.

அட்டையைக் காந்தத் தகட்டில் ஒட்டி பிரிட்ஜில் மாட்டுவதாக இருந்தால் 0.4 மி.மீ. தகடு அட்டைக் கனத்துக்கு வழுக்கும், 0.7 கேளுங்கள். எவர்சில்வர் முகப்புள்ள சில பிரிட்ஜில் காந்தமே ஒட்டாது. அட்டையில் ஓர் ஓட்டை போட்டு நூல் கோர்ப்பது எல்லா வீட்டுக்கும் பொருந்தும்.

---

கணக்குப்பிள்ளை:

லக்கி டிரா பற்றி யாரும் சொல்லவில்லையே. அது ஒரு டப்பாவில் சீட்டுப் போட்டு எடுக்கும் சங்கதி இல்லை. 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 36ஆம் பிரிவில் அதற்கு விதி வைத்திருக்கிறது. பரிசு 1 ராண்டுக்கு மேல் என்றாலே அதற்குள் வந்துவிடும். பரிசு என்ன, எப்படிச் சேர்வது, முடிவு தேதி, வென்றவரை எப்படித் தீர்மானிப்பது, முடிவை எங்கே வெளியிடுவது, விதிகள் எங்கே கிடைக்கும் என்று அழைப்பிலேயே எழுத வேண்டும். சேர்வதற்குத் தனிக் காசு வாங்கக் கூடாது. சுதந்திரமான கணக்காளரோ, தணிக்கையாளரோ, வழக்கறிஞரோ மேற்பார்த்துச் சான்று கொடுக்க வேண்டும். ஏடுகளை மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். 300 பேர் வரும் மேசைக்கு இந்தச் செலவு கட்டாது. அந்தப் பணத்தை எல்லோருக்கும் கொடுக்கும் பொருளில் போடுங்கள்.

சீட்டில் வாங்கும் போன் நம்பருக்கும் சட்டம் உண்டு. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை 1 முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. புதியவருக்கு வாட்ஸ்அப்பில் விளம்பரம் அனுப்ப அவருடைய சம்மதம் வேண்டும். படிவத்தில் 'விலைப்பட்டியல் அனுப்பலாம்' என்று ஒரு காலிக் கட்டம் வைத்து அவரையே டிக் போடச் சொல்லுங்கள். நீங்களே டிக் போட்டு அச்சடித்தால் செல்லாது. நம்பர் கொடுத்தால்தான் இனாம் என்றும் கட்டாதீர்கள், சம்மதம் மனமுவந்து தருவதாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். நிரப்பிய படிவங்களை மேசை மேல் பரப்பி வைக்காமல் மூடிய பெட்டியில் போடுங்கள். பக்கத்து மேசைக்காரர் போனில் படம் எடுக்க ஒரு நொடி போதும்.

---

சாட்ஸ்வொர்த் டப்பாக்கடை:

எல்லோருக்கும் மிக்க நன்றி. டிராவை விட்டுவிட்டேன். வெந்தயம், மூடித் துண்டு, பை. நாள்காட்டியும் பிடித்திருக்கிறது, ஆனால் 300 ராண்டில் துண்டும் நாள்காட்டியும் சேர்ந்து வருமா? இன்னொன்று, மேசையில் எப்படி வைப்பது? ஒரே ஆள் கைநிறைய அள்ளிக்கொண்டு போனால் என்ன செய்வது?

---

வெருலம் சந்தைக்காரி:

ஒவ்வொருவருக்கும் இரண்டும் வராது. 60 துண்டு (மூன்று சுருள்), 40 நாள்காட்டி (20 அட்டை) என்று பிரித்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்குத் துண்டு, விரதம் பற்றிப் பேச்செடுக்கிறவர்களுக்கு நாள்காட்டி.

மேசை முகப்பில் ஒருபோதும் பத்துப் பாக்கெட்டுக்கு மேல் வைக்காதீர்கள். மீதி மேசைத் துணிக்கு அடியில் பெட்டியில் இருக்கட்டும். குவியலாகக் கண்டால் அள்ளத் தோன்றும், பத்தே இருந்தால் ஒன்று எடுப்பார்கள். சனிக்கு 140, ஞாயிறுக்கு 160 என்று இரண்டு பெட்டியாக முன்னமே பிரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் சனி மத்தியானமே தீர்ந்துவிடும். பக்கத் தட்டி இல்லை என்கிறீர்கள், மதியத்துக்கு மேல் வடகிழக்குக் காற்று வந்தால் காகித உறை பறக்கும். நீங்கள் விற்கும் டப்பாவிலேயே ஒன்றைத் திறந்து வைத்து அதற்குள் பாக்கெட்டை நிறுத்துங்கள். எடுக்கிறவர் கை அந்த டப்பாவைத் தொட்டுத்தான் ஆக வேண்டும், 'இது எத்தனை லிட்டர்?' என்ற கேள்வி அங்கேயே வரும். அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே மூடித் துண்டைக் கையில் கொடுத்து, பக்கத்தில் இறுக மூடி வைத்த ஒரு ஊறுகாய் ஜாடியை அவரையே திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அந்த ஜாடியை மட்டும் மறக்காமல் கொண்டு போங்கள்.