உருகிய அலுமினியத்தில் கலக்கிய பொடி அடியில் உட்கார்ந்த அனுபவம் யாருக்காவது உண்டா?

வாளையார்க்காரன்:
கஞ்சிக்கோட்டில் ஒரு சின்ன ஃபவுண்டரியில் (உலோக வார்ப்படப் பட்டறையில்) இருந்தபோது நடந்தது. அலுமினியத்தில் 30 மைக்ரான், அதாவது 0.03 மி.மீ., சிலிக்கான் கார்பைடு (உப்புத்தாளில் இருக்கும் கடினமான பொடி), எடையில் 15 சதவீதம். கலக்கி முடித்து, கலக்கும் விசிறியான இம்பெல்லரைத் தூக்கியாயிற்று. ஊற்றப் போகும் நேரம் பார்த்து டையில் (ஊற்றும் அச்சில்) பூச்சு உரிந்திருந்தது. அதைச் சரிசெய்யக் குனிந்தேன். உதவிக்கு இருந்த மலையாளப் பையன் கையில் கம்பியோடு நின்று, "இளக்கணோ சேட்டா?" என்றான். அடுப்பைக் கூட்டட்டுமா என்று கேட்கிறான் என நினைத்து, "வேண்டாம்டா, நல்லா இளகித்தான் இருக்கு" என்றேன். அவன் கேட்டது கலக்கட்டுமா என்று! 10 நிமிஷம் போய்விட்டது.

மேலாகக் கரண்டியில் மொண்டு ஊற்றிய முதல் நாலு உருப்படிகளும் லேத்தில் வெண்ணெய் மாதிரி சீவ வந்தன. கடைசி இரண்டு கரண்டி தோசை மாவு போல் தயங்கித் தயங்கி இறங்கியது. அதில் டூல் முனை ஒரே ஓட்டத்தில் மழுங்கிப்போனது. உருக்கிய பாத்திரமான குருசிபிளின் அடியைச் சுரண்டினால் சாம்பல் நிறத்தில் களி.

சாம்பல் பிராஜெக்ட்:
எங்களுக்கு நேர்மாறு. வேலந்தாவளம் பக்கம் ஒரு கல்லூரி, கடைசி வருஷம். அனல்மின் நிலையச் சாம்பலில் கிடைக்கும் உள்ளே காற்றடைத்த மணிகள், தண்ணீரிலேயே மிதக்கும். அலுமினியத்தில் போட்டதும் எல்லாம் மேலே வந்து நின்றன. நண்பன் கசடு என்று நினைத்து வழித்துக் கொட்டிவிட்டான். வெட்டி, பாலிஷ் போட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சுத்த அலுமினியம். வைவாவில் "சாம்பல் எங்கே?" என்றார்கள். குப்பைத் தொட்டியில் என்றா சொல்ல முடியும்?

பழைய மேஸ்திரி:
வாளையார்க்காரரே, பையனையும் பாஷையையும் குறை சொல்லாதீர்கள், கணக்கைப் பாருங்கள். உருகிய அலுமினியம் கிட்டத்தட்ட தண்ணீர் மாதிரி ஓடும். தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் உருகிய அலுமினியம் 2.4, கார்பைடு 3.2. 30 மைக்ரான் மணி தனியாக இருந்தால் நிமிஷத்துக்கு 2 செ.மீ. இறங்கும். கூட்டமாக இருப்பதால் பாதி என்று வையுங்கள். 10 நிமிஷத்தில் மேலே 10 செ.மீ. காலி! மணி இரண்டு மடங்கு பெரிசானால் வேகம் நாலு மடங்கு. ஊற்றி முடிக்கும்வரை இம்பெல்லரை எடுக்கவே கூடாது.

தம்பி சாம்பல், லேசாக இருந்தால்தான் மிதக்கும் என்று நினைக்காதே. கார்பைடுகூட ஈரமாக இருந்தால் உலோகம் அதன்மேல் ஒட்டிப் படராமல் மேலேயே நிறுத்திவிடும். பொடியைச் சூடாக்கி ஈரத்தைப் போக்கணும், 1 சதவீதம் மெக்னீசியம் சேர்க்கணும். உருகிய உலோகத்தில் கரைந்திருக்கும் வாயுவை எடுக்கும் மாத்திரையைப் பொடி போடுவதற்கு முன்பே போட்டுவிடு, இல்லாவிட்டால் குமிழி பொடியையும் ஒட்டிக்கொண்டு மேலே கொண்டு வந்துவிடும். அப்புறம், சிலிக்கான் குறைந்த அலாயில் (கலப்பு உலோகத்தில்) கார்பைடைப் போட்டு ரொம்பச் சூடேற்றினால் அலுமினியம் கார்பைடு உருவாகும். அது ஈரக்காற்றிலேயே கெட்டுப்போகிற சாமான். 9 சதவீத சிலிக்கான் உள்ள அலாயாக எடு.

என் அனுபவமா? ஒரு தடவை கிராஃபைட் மிதந்தது. அவ்வளவுதான்.

வாளையார்க்காரன்:
மேஸ்திரி அண்ணே, மெக்னீசியமும் போட்டோம், பொடியையும் சூடாக்கினோம். பையனை நான் எங்கே குறை சொன்னேன்? முதலாளியிடம் அவன்தான் திட்டு வாங்கினான். பக்கத்தில் நின்ற நான் வாயைத் திறக்கவில்லை. சேட்டன்தான் வேண்டாம் என்றார் என்று அவனும் சொல்லவில்லை.