ஏட்டுச்சுவடியை எப்படிப் பாதுகாக்கிறது?

கேள்வி: கிளிநொச்சிப் பக்கம் எங்கட சனசமூக நிலையத்தில காட்சியறை தொடங்கிறம். ஒரு ஏட்டுச்சுவடியும் மரக்கலப்பையும் கிடைச்சிருக்கு. ஏடுகள் ஒட்டியிருக்கு. பிரிக்கலாமோ?

பதில் 1: இழுத்துப் பிரிக்கவே வேண்டாம், தம்பி; மேல்தோல் எழுத்தோட உரிஞ்சு வரும். ஒட்டினதை அப்பிடியே விட்டு, சுவடி பிரிச்சுப் பழகின ஆளிட்டக் குடுங்கோ. மற்ற ஏடுகளை மெல்லிய தூரிகையால நீளவாக்கில தூசு தட்டுங்கோ. தண்ணி படக்கூடாது. பஞ்சில துளி புல்லெண்ணெய் (எலுமிச்சம்புல் எண்ணெய்) தொட்டு முதல் ஓரத்தில பூசிப் பாருங்கோ, மை கரைஞ்சா உடன நிப்பாட்டுங்கோ. பொலித்தீன் பையில கட்டினா ஈரம் அடைபட்டுப் பூஞ்சணம் பிடிக்கும். பருத்தித் துணியில சுத்துங்கோ. வெளிச்சம் 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்கிற அலகு) மேல வேண்டாம்.

பதில் 2: கலப்பைக்குக் கறையான்தான் எமன். சுவரில சாய்க்காமல், நிலத்தில படாமல் கால் வைச்ச தாங்கியில வையுங்கோ. மாரியில கிழமைக்கு ஒருக்கா அடிப்பக்கம் பாருங்கோ. தந்தவரின்ர பேர், திகதி, அன்பளிப்போ இரவலோ எண்டதைப் பதிவேட்டில எழுதிக் கையெழுத்து வாங்குங்கோ.