ஊழியர்களை உடற்பயிற்சிக்கு எவ்வாறு ஊக்குவிக்கலாம்?

கேள்வி:
எங்கள் அலுவலகத்தில் பெரும்பாலானோர் நாள் முழுவதும் கணினி முன் அமர்ந்தே பணியாற்றுகிறார்கள். நிர்வாகம் நடைப்போட்டி நடத்தி, அதிக அடிகள் நடப்பவருக்குப் பரிசளிக்க எண்ணுகிறது. ஏற்கெனவே பயிற்சி செய்பவர்களே அதில் வெல்வார்கள் என்று தோன்றுகிறது. வேறு வழி உண்டா?

பதில் 1:
உங்கள் ஐயம் நியாயமானதே. அமெரிக்காவில் ஒரு பெரிய விற்பனை நிறுவனத்தின் ஊழியர்களிடையே நடத்தப்பட்டு, 2019இல் ஜாமா மருத்துவ இதழில் வெளியான ஆய்வின்படி, ஊழியர்களுக்கான உடல்நலத் திட்டம் இருந்த பணியிடங்களில் முறையாக உடற்பயிற்சி செய்வதாகக் கூறியவர்கள் அதிகமாக இருந்தபோதிலும், 18 மாதங்களுக்குப் பின்னும் இரத்த அழுத்தம், கொழுப்பு போன்ற அளவுகளிலோ மருத்துவச் செலவிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. ஆகவே பரிசைவிட நேரத்தைக் கொடுக்கச் சொல்லுங்கள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பைப் பரிந்துரைக்கிறது. பணிநேரத்திலேயே தினமும் அரை மணி நேரம் ஒதுக்கினால், ஐந்து நாட்களில் அதன் கீழ் எல்லையை எட்டிவிடலாம்.

பதில் 2:
ஒதுக்கிய அரை மணியில் மேலாளரே கூட்டம் கூட்டினால் யார் எழுந்து போவார்கள்? (பல இடங்களில் நடப்பது இதுதான்.) முதலில் அவர் எழ வேண்டும். மேலும், மூட்டுவலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ஒதுக்கப்பட்டதாக உணராதபடி, பங்கேற்பு விருப்பத்தின் பேரில் மட்டுமே அமைய வேண்டும். எவருடைய எடையும் பரிசோதனை முடிவும் நிர்வாகத்தின் கைக்குப் போகக் கூடாது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. மதியத்துக்குப் பிந்தைய அரை மணியில் கூட்டங்களைத் தவிர்க்குமாறு முதலில் கேட்டுப் பார்க்கிறேன்.