காப்பணைவு, மின்னறுகை: திடீரென நிற்கும் கணினிக்கு இரண்டு சொற்கள்

வணக்கம் அக்கா,

கணினி திடீரென நிற்பதற்கு நீங்கள் முன்வைத்த ‘தானணைவு’ என்ற சொல் காதுக்கு நல்லாகத்தான் இருக்கிறது. ஆனால் கணினி திருத்துபவருக்கு உதவாது. வீட்டுக்காரருக்கு எல்லாமே ‘தானாக நிண்டுட்டுது’ தானே. மின்சாரத்தை அறுத்தது கணினியா, அல்லது மின்சாரமே வந்து சேரவில்லையா என்பதைச் சொல் காட்ட வேண்டும். எந்த இடத்தைக் கழற்றுவது என்பது அதில்தான் இருக்கிறது.

கணினி தன்னைக் காக்கத் தானே அறுத்துக்கொள்வதைக் ‘காப்பணைவு’ என்போம். இன்டெல் மேசைக்கணினிச் செயலிகள் பலவற்றுக்கு 100 பாகை செல்சியஸ் எல்லை. அதை எட்டும்போது செயலி வேகத்தைக் குறைக்கும். அப்படியும் சூடு ஏறினால் அறிவிப்பு எதுவுமில்லாமல் நின்றுவிடும். உடனே போட்டால் முன்னைவிட விரைவாக நிற்கும். கொழும்பு வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்க மாடிவீடுகளில் ஈர உப்புக்காற்றோடு சேர்ந்த தூசி, செயலியின் சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோகப் பாகமான ஹீட்சிங்க்கின் தகடுகளுக்கிடையில் அப்பிக்கொள்ளும். வெறுமனே ஊதினால் போகாது, தூரிகை வேண்டும். தூசியே இல்லையென்றால் செயலியோடு வந்த காற்றாடியின் நான்கு கால்களையும் அழுத்திப் பாருங்கள். ஒன்று கழன்றிருந்தாலும் காற்றாடி ஒழுங்காகச் சுழலும், ஹீட்சிங்க் மட்டும் ஒரு மூலையில் செயலியைத் தொடாது. கழற்றினால் இரண்டுக்கும் இடையில் சூட்டைக் கடத்தும் பழைய பசையை ஐசோபுரோப்பைல் அல்ககோலால் துடைத்து, நடுவில் ஒரு பயறளவு புதுப் பசை வைத்தால் போதும்.

கேம் தொடங்கியதும் நிற்பதும் காப்பணைவுதான்; காரணம் பெரும்பாலும் பவர் சப்ளையின் சுமை எல்லை. பின்பக்க சுவிச்சை நிறுத்திச் சற்றுப் பொறுத்துப் போட்டால்தான் மீண்டும் எழும் என்றால் சந்தேகம் வலுக்கும். பவர் சப்ளையின் 12 வோல்ற்று மின்வழி 11.4 வோல்ற்றுக்குக் கீழே இறங்குகிறதா என்று சுமையோடு மல்ற்றிமீற்றரில் பாருங்கள்.

மற்றையது ‘மின்னறுகை’: மின்சாரமே வந்து சேராமல் கணினி நிற்பது. நல்ல பவர் சப்ளை ஏறத்தாழ 16 மில்லிசெக்கன் மின்வெட்டைத் தாங்கும். அதிலுள்ள கொள்ளளவி (கப்பாசிற்றர்) கிழண்டினால் அந்தத் தாக்குப்பிடிப்பு குறையும். பிரிட்ஜ் மோட்டர் ஓடத் தொடங்கும்போது விளக்கு லேசாக மங்கினாலே கணினி விழும். யூபிஎஸ்சில் மாட்டியும் நிற்குமென்றால் முதலில் அதன் பற்றரியைச் சோதியுங்கள்.

விண்டோஸின் நிகழ்வுப் பதிவை மட்டும் நம்பவேண்டாம். கணினி ஒழுங்காக அணையாமல் நின்றதைக் குறிக்கும் கேர்னல்-பவர் 41 என்ற பதிவு இரண்டுக்கும் விழும், அதிலுள்ள பக்செக்கோட் என்ற கோளாறு எண் இரண்டிலும் 0. அது 0 அல்லாத எண்ணானால் நீலத்திரைக் கோளாறு. அதற்கு இந்தச் சொற்கள் வேண்டாம்.

*

தம்பி,

‘தானணைவை’ விட்டுவிடுகிறேன். ‘மின்னறுகை’க்கும் சம்மதம். ‘காப்பணைவு’ தனியே நிற்கும்போது சரி, ஆனால் ‘வெப்பக் காப்பணைவு’ என்று சேர்த்ததும் சிக்கல். இங்கே இலங்கையில், சூட்டையோ மின்சாரத்தையோ கடத்தாத பொருளைப் பாடநூலில் ‘காவலி’ என்று படித்தவர்களுக்குத் தடுமாற்றம் இராது. தமிழ்நாட்டில் ‘வெப்பக்காப்பு’ என்றால் சூடு கடக்காமல் போர்த்துவது. செயலியைப் போர்த்தச் சொல்கிறோம் என்று எவரும் நினைக்கக்கூடாது. ‘மிகைவெப்பக் காப்பணைவு’, ‘மிகைச்சுமைக் காப்பணைவு’ என்று ‘மிகை’யை முன்னால் வைத்தால் காரணமும் தெளிவாகும். நீளம்தான். திரையில் இடம் போதாத இடங்களில் ‘மிகைவெப்ப அணைவு’ என்று சுருக்கலாம்; ‘மிகை’யை மட்டும் விடக்கூடாது.