ஆடும் சிலிண்டர் இன்ஜினை உறிஞ்சி ஓட்டலாமா?

அம்மாபேட்டையிலிருந்து:
12 மி.மீ. துளையில் பித்தளை இன்ஜின் ஒன்று கடைந்திருக்கிறேன்; சிலிண்டரே இப்படியும் அப்படியும் ஆடி, காற்றுத் துளைகளைத் திறந்து மூடும் சிறிய வகை. காற்றடித்தால் சிலிண்டர், துளைகள் உள்ள தட்டையான முகத்தை விட்டு விலகிப் புஸ்ஸென்று கசிகிறது. பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரஸரின் உறிஞ்சும் பக்கத்தை மாட்டலாமா?

செவ்வாய்பேட்டை:
தாராளமாக, தம்பி. எக்ஸாஸ்ட் (காற்று வெளியேறும்) துளையில் மாட்டுங்கள், மற்றது திறந்தே இருக்கட்டும், ஆனால் தூசி போகாமல் ஸ்பாஞ்ச் வையுங்கள். மாற்றி மாட்டினால் சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றும். வெளிக்காற்றே சிலிண்டரை முகத்தோடு அழுத்திப் பிடிப்பதால் அதை அழுத்தும் ஸ்பிரிங்கைத் தளர்த்தலாம். நடுவில் கண்ணாடி பாட்டில் கட்டாயம், எண்ணெய் அதில் தங்கட்டும்.

ஏற்காடு:
எவ்வளவு உறிஞ்சினாலும் ஒரு பாருக்கு (கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தம் ஏறக்குறைய இவ்வளவு) மேல் அழுத்தம் கிடைக்காது. இங்கே மலைமேல், 1,500 மீட்டரில், 0.85 பார்தான். சும்மா சுற்ற அது போதும்.

அம்மாபேட்டை:
ஓடுகிறது அண்ணா! ஸ்பிரிங் நட்டை இரண்டு சுற்று தளர்த்தினேன், சக்கரத்தை விரலால் தொட்டதுமே சுற்ற ஆரம்பித்துவிட்டது.