எஞ்சின் சூடேறுகிறது, நீர்த்துளையில் வெள்ளைக் குழல்கள். இது எந்தப் புழு?

துடுப்பு:
ஆற்றுக் கழிமுகத்தில் நிறுத்தியிருக்கும் என் சிறிய பாய்மரப் படகின் எஞ்சின் மூன்று வாரங்களாகச் சூடேறுகிறது. பம்பின் ரப்பர்ச் சக்கரத்தை மாற்றியும் பயனில்லை. நேற்று நீரில் இறங்கித் தடவினால், எஞ்சினைக் குளிரவைக்க நீர் உறிஞ்சும் துளையில் விரல் நுழைய இடமில்லை. ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனுள்ள சுண்ணாம்புக் குழல்கள் சிக்குண்ட நூல்போலப் பின்னிக் கிடக்கின்றன. ப்ரொபெல்லரிலும் அப்படியே. படகடியில் ஒட்டும் கொட்டலசு (பார்னக்கிள்) எனக்குத் தெரியும், இது அதுவல்ல. நான்கு ஆண்டுகளாக இங்கே காணாத ஒன்று. நீருக்கடியிலேயே உளியால் சுரண்டிவிடலாமா?

அலைவாய்:
வேண்டாம், தயவுசெய்து உளியைக் கீழே வையுங்கள். இவை குழல் கட்டி வாழும் பாலிகீட்டாப் புழுக்கள் (உடலில் முள்மயிர்க் கற்றைகள் கொண்டவை), செர்புலிடே குடும்பம். ஆய்வகத்தில் இவற்றிடமிருந்து முட்டையும் விந்தும் எடுக்க என்ன செய்கிறார்கள் தெரியுமா? குழலை உடைத்துப் புழுவை வெளியே எடுக்கிறார்கள், அவ்வளவுதான். முதிர்ந்த புழு சில நிமிடங்களில் கொட்டிவிடும். நீங்கள் நீருக்கடியில் சுரண்டினால் அதே வேலையைக் கழிமுகம் முழுவதற்கும் செய்துகொடுப்பீர்கள்.

நங்கூரம்:
படகை நன்னீரில் இரண்டு நாள் நிறுத்துங்கள், செத்துவிடும். எனக்கு அப்படித்தான் தீர்ந்தது.

அலைவாய்:
நங்கூரம் அவர்களே, உங்களுடையது வேறு இனமாக இருந்திருக்கலாம். இங்கே பெயர் தெரியாமல் மருந்து சொல்ல முடியாது. ஹைட்ராய்டிஸ் என்ற பேரினத்தில் பெரும்பாலானவை கடல் உப்பை நம்பி வாழ்பவை. ஃபிகோபொமாட்டஸ் எனிக்மாட்டிகஸ் என்ற இனமோ கடல்நீரும் ஆற்றுநீரும் கலந்த உவர்நீருக்கென்றே அமைந்தது. நன்னீரில் இனம் பெருக்காது, ஆனால் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். கழிமுகம் என்றதுமே எனக்கு அதன்மேல்தான் சந்தேகம்.

துடுப்பு அவர்களே, ஒரு கொத்தைப் பெயர்த்து ஒரு கிண்ணம் அதே நீரில் போட்டு, அசைக்காமல் வைத்து உருப்பெருக்கியால் பாருங்கள். சற்று நேரத்தில் இறகு விரிந்தாற்போலச் செவுள்கள் வெளிவரும். அவற்றின் நடுவே குழலை அடைக்கும் மூடி ஒன்று இருக்கும். அதில் கரும்பழுப்பு முட்கள் உள்நோக்கி வளைந்திருந்தால் ஃபிகோபொமாட்டஸ். புனல்போல ஒரு தட்டும் அதன்மேல் முள்முடியும் என இரண்டு அடுக்கு இருந்தால் ஹைட்ராய்டிஸ். குழலில் இடைவெளி விட்டு விட்டுக் கழுத்துப்பட்டைபோல விரிந்த வளையங்கள் உண்டா என்றும் பாருங்கள். முன்னதன் அடையாளம் அது.

துடுப்பு:
இருபது நிமிடம் காத்திருந்தேன். கரும்பழுப்பு முட்கள்தான். வளையங்களும் உண்டு. இது இங்கே எப்படி வந்தது?

சிப்பி:
1923-இல் விலங்கியலாளர் பியர் ஃபோவெல் பிரான்சின் கான் (Caen) நகரக் கால்வாயிலிருந்து இதை விவரித்தபோதே அந்தக் கேள்வி எழுந்தது. விடை தெரியாததால்தான் ‘புதிரானது’ என்று பொருள்படும் பெயரை வைத்தார். அவர் வைத்த பேரினப் பெயர் மெர்சியெரெல்லா. 1978-இல்தான் ஃபிகோபொமாட்டஸுக்கு மாற்றினார்கள், பழைய நூல்களில் தேடும்போது இரண்டையும் பாருங்கள். ஆஸ்திரேலியாவே தாயகம் என்று பலர் கருதினார்கள். ஆனால் 2017-இல் வெளியான மரபணு ஆய்வு, அங்கே ஒரே பெயருக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் ஒளிந்திருப்பதைக் காட்டியது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது ஒன்றாகவே இருக்க வேண்டியதில்லை. பால்டிக் கடலில் பரவிய மாரென்செல்லெரியா என்ற புழுப் பேரினத்திலும் இதே சிக்கல்தான்: மூன்று இனங்கள், மரபணு பார்க்காமல் பிரிப்பது கடினம்.

பயணம் இரண்டு வழி: லார்வாவாக, கப்பல் நிலையாக மிதக்கத் தொட்டிகளில் ஏற்றும் நிலைப்பு நீரில்; வளர்ந்த புழுவாகக் கப்பலின் அடியில் ஒட்டிக்கொண்டு. முதல் வழிக்கான பன்னாட்டு உடன்படிக்கை 2004-இல் ஏற்கப்பட்டு 2017 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. இரண்டாவது வழிக்கு இன்னும் வழிகாட்டுதல்கள் மட்டுமே. உங்களுடையதைப் போன்ற படகுகள் அங்கேதான் நழுவுகின்றன என்பது என் கவலை. அர்ஜென்டினாவின் மார் சிக்கிட்டா காயலில் இதே புழு ஏழு மீட்டர் அகலம்வரை வட்டத் திட்டுகளைக் கட்டியிருக்கிறது.

அலைவாய்:
இனிச் செய்ய வேண்டியது. படகைக் கரையேற்றுங்கள். தார்ப்பாய் விரித்து அதன்மேல் சுரண்டுங்கள், ஒரு துண்டுகூட நீருக்குத் திரும்பக் கூடாது. சுரண்டியதை நன்றாகக் காயவைத்துக் குப்பையில் சேருங்கள். படகும் சில வாரம் வெயிலில் காயட்டும். துளைக்குள்ளும் குழாய்க்குள்ளும் இருப்பதற்கு, எஞ்சின் கையேடு அனுமதிக்கும் அமிலக் கரைசல் போதும். குழல் வெறும் சுண்ணாம்பு, நுரைத்துக் கரையும். சுக்கான் தண்டின் இடுக்கை மறக்காதீர்கள். நீரோட்டம் குறைந்த மூலைகளில்தான் மிச்சம் இருக்கும்.

துடுப்பு:
சனிக்கிழமை கரையேற்றுகிறேன். கிண்ணத்து நீரைத் திரும்ப ஆற்றில் ஊற்றவில்லை, கொதிக்கவைத்துக் கொட்டிவிட்டேன். மூடி தெளிவாகத் தெரியும் படங்களை மீன்வளத் துறைக்கும் அனுப்புகிறேன். பக்கத்துப் படகின் சுக்கானிலும் இதே வெள்ளைக் கொத்து தெரிகிறது. அவர் நாளை கடலுக்குக் கிளம்புகிறார், இப்போதே போய்ச் சொல்கிறேன்.