வீட்டில் நீச்சல் குளம் கட்டலாமா? பராமரித்து வருபவர்களின் கருத்து தேவை

வடவள்ளிக்காரன்:

அனைவருக்கும் வணக்கம். கோவைக்கு மேற்கே தொண்டாமுத்தூர் சாலையில் 14 சென்ட் மனையில் வீடு கட்டத் தொடங்கியிருக்கிறோம். வரைபடத்தில் வீட்டின் பின்பக்கம் 24 அடி நீளமும் 12 அடி அகலமும் கொண்ட ஒரு நீச்சல் குளத்தைப் போட்டுக் கொடுத்திருக்கிறார் எங்கள் ஆர்க்கிடெக்ட். பிள்ளைகள் இருவரும் இப்போதே அதில் குதித்துவிட்டார்கள். மூட்டுவலிக்குத் தண்ணீருக்குள் நடப்பது நல்லது என்று மருத்துவர் சொன்னதிலிருந்து அப்பாவும் அவர்கள் பக்கம் சேர்ந்துகொண்டார். என் மனைவி மட்டும், “கட்டுவது இருக்கட்டும், தினமும் அதை யார் பார்த்துக்கொள்வது?” என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

விலைப்புள்ளி கொடுத்த ஒப்பந்தக்காரர்கள் எல்லோரும் டைல்ஸ், விளக்கு, செயற்கை அருவி ஆகியவற்றைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். சாவியைக் கொடுத்த பிறகு என்ன என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எங்களிடம் இருப்பது போர் தண்ணீர். குழாய் முகப்பில் ஒரே மாதத்தில் வெள்ளை படியும் அளவுக்கு உப்பு. இந்தத் தண்ணீரை வைத்துக்கொண்டு குளத்தைச் சமாளிக்க முடியுமா, மின்கட்டணம் எவ்வளவு ஏறும், முதல் கோடைக்குப் பிறகும் வீட்டில் உள்ளவர்கள் உண்மையிலேயே நீந்துகிறார்களா என்பதைக் குளம் வைத்திருப்பவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கிழக்குக் கடற்கரைவாசி:

வணக்கம். சென்னையில் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய எங்கள் வீட்டில், நீங்கள் சொல்லும் அளவிலேயே ஒரு குளம் பல ஆண்டுகளாக இருக்கிறது. உங்கள் மனைவியின் கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால் மற்றவை தாமாகவே தெளிந்துவிடும் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

சராசரி ஆழம் 4 அடி என்று வைத்துக்கொண்டால் உங்கள் குளம் ஏறத்தாழ 32,600 லிட்டர் கொள்ளும். அந்த நீரின் பிஎச் அளவு (அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) 7.2க்கும் 7.6க்கும் இடையிலும், குளோரின் 1 முதல் 3 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு நீரில் இத்தனை பங்கு) வரையிலும் இருக்கும்படி பார்த்துக்கொள்வதே அன்றாட வேலை. சோதனைப் பெட்டியின் சிறு குப்பிகளில் நீரை எடுத்து, சொட்டு மருந்தை விட்டு, நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு மூன்று நிமிடம் போதும். ஆனால் அந்த இரண்டு மூன்று நிமிடத்தை விடாமல் ஒதுக்க வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும். வாரம் இருமுறை வரும் பராமரிப்பு ஆளை நம்பிவிட்டு வீட்டார் குப்பியைத் தொடாமலே இருந்தால், ஏப்ரல் வெயிலில் ஒரு வெள்ளிக்கிழமை தெளிவாக இருந்த குளம் திங்கட்கிழமை பாசி பிடித்து நிற்கும்.

பிஎச் 7.5 அளவில் இருக்கும்போது, போட்ட குளோரினில் ஏறக்குறையப் பாதி கிருமியைக் கொல்லும் வடிவில் இருக்கும். பிஎச் 8ஐ எட்டினால் அது கால்பங்கு அளவுக்குக் குறைந்துவிடும். மூட்டை மூட்டையாகப் போட்டும் குளம் பச்சையாகிவிட்டது என்று புலம்புபவர்களில் பெரும்பாலோர் பிஎச்சைப் பார்க்காதவர்கள். புதிதாகச் சிமென்ட் பூசிய குளத்தில் முதல் சில மாதங்கள் பிஎச் தானாகவே ஏறிக்கொண்டிருக்கும் என்பதால் அதை இறக்க ஆசிட் சற்று அதிகமாகத் தேவைப்படும். ஆசிட்டைத் தண்ணீரில்தான் ஊற்ற வேண்டும், ஆசிட்டின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது என்பதை வேலையாளிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

நம் ஊரில் பராமரிப்பு ஆட்கள் பெரும்பாலும் டிசிசிஏ 90 என்ற குளோரின் தூளையோ மாத்திரையையோ போடுகிறார்கள். அது எளிதில் கிடைக்கிறது. வெயிலிலும் சீக்கிரம் வீணாவதில்லை. ஆனால் அதனுடன் சேர்ந்தே, குளோரினை வெயிலிலிருந்து காக்கும் சயனூரிக் அமிலமும் நீரில் இறங்குகிறது. ஒவ்வொரு 10 பிபிஎம் குளோரினுக்கும் இது 6 பிபிஎம் சேரும். குளோரின் கரைந்து போகும், இது போகாது. நாளொன்றுக்கு 2 பிபிஎம் வீதம் போட்டால் மூன்று மாதத்தில் கணக்களவில் நூறைத் தாண்டிவிடும். 30 முதல் 50 வரை இருக்க வேண்டிய பொருள் அந்த அளவுக்கு ஏறியபின், எவ்வளவு குளோரின் போட்டாலும் அது சோம்பித்தான் வேலை செய்யும். குளத்தில் ஒரு பகுதி நீரை இறைத்துவிட்டுப் புது நீர் விடுவதைத் தவிர இதற்கு நடைமுறையில் வேறு வழி இல்லை. பிளீச்சிங் பவுடரில் இந்தத் தொல்லை கிடையாது. ஆனால் அது கால்சியத்தைச் சேர்க்கும், உங்கள் தண்ணீரிலோ அது ஏற்கெனவே தாராளமாக இருக்கிறது. நாங்கள் இப்போது திரவ குளோரினையே பயன்படுத்துகிறோம். பகலில் ஊற்றினால் வெயில் தின்றுவிடும் என்பதால் பொழுது சாய்ந்த பிறகு ஊற்றுவது வழக்கம். எதைப் பயன்படுத்தினாலும், டிசிசிஏவையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே வாளியில் கலக்கவோ ஒரே அலமாரியில் வைக்கவோ வேண்டாம். அவை கலந்தால் தீப்பற்றி வெடிக்கக்கூடும். குளோரினும் ஆசிட்டும் கலந்தால் நச்சு வாயு கிளம்பும்.

போர் தண்ணீரைப் பொறுத்தவரை, கடினத்தன்மையைவிட இரும்புச்சத்தை முதலில் சோதித்துப் பாருங்கள். இரும்பு இருந்தால், கண்ணாடி போலத் தெரியும் நீர் குளோரின் பட்டவுடன் டீத்தண்ணீர் நிறத்துக்கு மாறிவிடும். கடினத்தன்மையால் நீர்மட்டத்தை ஒட்டிய டைல்ஸ் வரிசையில் வெள்ளை வளையம் படியும். பிஎச்சைக் கட்டுக்குள் வைத்தால் அது மெதுவாகத்தான் படியும்.

விளம்பரங்களில் வராத ஒரு தலைவலியையும் சொல்லிவிடுகிறேன். அது தேங்காய் எண்ணெய். தலையில் எண்ணெய் வைத்தபடியே உறவினர் வீட்டுப் பிள்ளைகள் நான்கு பேர் இறங்கினால் போதும், மறுநாள் காலை டைல்ஸ் ஓரமெங்கும் விரலால் வழித்தெடுக்கும் அளவுக்குப் பிசுக்குப் படிந்திருக்கும். அதே பிசுக்கு வடிகட்டியின் மணலிலும் ஏறி, மணலைக் கட்டியாக்கிவிடும். குளத்துக்கு அருகிலேயே ஒரு ஷவர் வைத்து, சீயக்காயோ ஷாம்புவோ போட்டுக் குளித்த பிறகே இறங்க வேண்டும் என்ற சட்டத்தை எங்கள் வீட்டில் என் அம்மா நடைமுறைப்படுத்தி வருகிறார். பெரியப்பாவுக்கும் விலக்கு இல்லை. வியர்வையும் சிறுநீரும் குளோரினுடன் சேர்ந்துதான் அந்தக் கண் எரியும் நெடி உண்டாகிறது. நெடி வீசும் குளத்தில் குளோரின் அதிகம் என்று நினைப்பார்கள். பெரும்பாலும் வேலை செய்யக்கூடிய குளோரின் அங்கே போதாமல்தான் இருக்கும்.

மின்சாரம்: இந்த அளவுக் குளத்துக்கு முக்கால் எச்பி மோட்டார் போதும். ஒப்பந்தக்காரர் ஒன்றரை எச்பி சொன்னால் காரணம் கேளுங்கள். நாளுக்கு ஆறு மணி நேரம் ஓடினால் நாலரை யூனிட், இரண்டு மாதக் கணக்கில் 270 யூனிட். இந்த 270 எங்கே போய் உட்காருகிறது என்பதுதான் முக்கியம். ஏசி ஓடும் வீட்டில் இது எளிதாக 500 யூனிட்டைத் தாண்ட வைக்கும். அதைத் தாண்டினால் கட்டண அட்டவணையே மாறிவிடும்.

நீந்துகிறோமா என்று கேட்டிருந்தீர்கள். நீந்துகிறோம். மே மாதத்தில் இரவு எட்டு மணிக்கும் சுவர் அனலைக் கக்கிக்கொண்டிருக்கும்போது, கழுத்தளவு நீரில் நின்றுகொண்டு வீட்டில் எல்லோரும் பேசிக்கொண்டிருப்பது எங்களுக்கு வாடிக்கையாகிவிட்டது. அந்த நேரத்தில் யார் கையிலும் கைப்பேசி இருப்பதில்லை. எங்கள் தெருப் பிள்ளைகள் பலர் நீந்தக் கற்றுக்கொண்டதும் இங்கேதான். ஆனால் 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குத் தண்ணீர் வந்த நாட்களில், தெருவில் குடங்கள் வரிசையில் நிற்க, நிறைந்த குளத்தை வைத்துக்கொண்டு இருப்பது கூச்சமாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கட்டுமானப் பொறியாளர்:

வேதியியலை நண்பர் விரிவாகச் சொல்லிவிட்டார். நான் கான்கிரீட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். குளம் என்பது தரைக்குள் வைத்த தண்ணீர்த் தொட்டிதான். ஆகவே நீர்த்தொட்டிகளுக்கான ஐஎஸ் 3370 தரவிதிப்படி, எம்30 என்ற வலிமைத் தரத்துக்குக் குறையாத கான்கிரீட்டில் கட்டச் சொல்லி ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். செங்கல்லிலோ பிளாக்கிலோ சுவர் எழுப்பி மேலே பூச்சு பூசித் தருகிறேன் என்பவரை வாசலோடு அனுப்பிவிடலாம். தளமும் சுவரும் சேரும் இணைப்பில் நீர் கசியாமல் தடுக்கும் வாட்டர்ஸ்டாப் பட்டை வைக்க வேண்டும். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் ஒரு வாரமாவது நீர் நிரப்பி வைத்து மட்டம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். டைல்ஸ் ஒட்டிய பின் கசிவைத் தேடுவது பெரும்பாடு.

அடித்தள உறிஞ்சு வாய் ஒன்று மட்டும் இருந்தால் மோட்டாரின் முழு இழுவையும் அதில் விழும். அதில் குழந்தையின் தலைமுடி சிக்கினால் பிடுங்க முடியாது. போதிய இடைவெளி விட்டு இரண்டு வாய்கள், மேலே குவிந்த மூடிகள் என்று கேளுங்கள். நீருக்கடியில் 12 வோல்ட் விளக்கு, மோட்டார் இணைப்புக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி), முறையான எர்த்திங் ஆகியவற்றில் பேரம் பேசாதீர்கள்.

மழைக்காலம் முடிந்த கையோடு குளத்தை முழுவதும் இறைத்துச் சுத்தம் செய்யும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. நிலத்தடி நீர் மேலே ஏறி நிற்கும்போது அப்படிச் செய்தால், வெளியிலிருந்து வரும் அழுத்தம் காலிக் குளத்தைத் தோணியைப் போல மேலே தூக்கிவிடும், அல்லது தளத்தைப் பிளந்துவிடும். கடற்கரை மணலில் இந்த ஆபத்து அதிகம். கோவையின் பாறை நிலத்தில் குறைவுதான். ஆனாலும் குளத்துக்காகத் தோண்டிய குழியைச் சுற்றி மழைநீர் தேங்கும், ஆகவே தளத்தில் ஓர் அழுத்த விடுவிப்பு வால்வு இருக்கட்டும்.

சிட்னித் தமிழன்:

நாங்கள் வசிக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1992ஆம் ஆண்டு நீச்சல் குளச் சட்டப்படி வேலியில்லாமல் வீட்டில் குளம் வைத்திருக்க முடியாது. வேலி குறைந்தது 1.2 மீட்டர் உயரம் இருக்க வேண்டும்; கம்பிகளுக்கு இடையிலோ அடியிலோ 10 சென்டிமீட்டருக்கு மேல் சந்து இருக்கக் கூடாது; கதவு குளத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திறந்து, கையை விட்டதும் தானே மூடித் தாழிட்டுக்கொள்ள வேண்டும். வேலிக்கு அருகில் நாற்காலி, பூந்தொட்டி என்று ஏறுவதற்கு வசதியான எதையும் வைக்கக் கூடாது. இணக்கச் சான்றிதழ் இல்லாமல் வீட்டை விற்பதும் வாடகைக்கு விடுவதும் இங்கே பெருஞ்சிக்கல்.

முதலில் எனக்கும் இது கெடுபிடியாகத் தோன்றியது. ஆனால் சிறு குழந்தை மூழ்கும்போது திரைப்படத்தில் வருவதுபோல் கூச்சலோ தண்ணீர் அடிக்கும் சத்தமோ பெரும்பாலும் கேட்பதில்லை. ஓரிரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். உங்கள் வரைபடத்தில் வேலி இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக் கூடத்திலிருந்து நேரே குளத்தில் இறங்கும்படி கண்ணாடிக் கதவு வைத்திருந்தால், அழகுக்காக அதற்குச் சம்மதிக்காதீர்கள்.

பொள்ளாச்சித் தோப்புக்காரர்:

தம்பி, 32,000 லிட்டரைப் பூட்டி வைத்து மருந்து ஊற்றிக்கொண்டிருப்பது எதற்கு? எங்கள் தோப்பில் மோட்டார் தண்ணீர் விழும் தொட்டி ஒன்றை 20 அடிக்குக் கட்டியிருக்கிறோம். பிள்ளைகள் இரண்டு நாள் ஆடுவார்கள், பிறகு மதகைத் திறந்தால் தண்ணீர் தென்னைக்குப் போய்விடும். கோடையில் மரம் ஒன்றுக்கு நாளுக்கு 65 லிட்டர் வீதம் கணக்குப் போட்டாலும் ஒரு சொட்டும் வீணாகாது. குளோரின் இல்லை, வடிகட்டி இல்லை, மின்கட்டணக் கவலையும் இல்லை.

இன்னொன்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் அந்தக் காற்று உங்கள் பக்கத்துக்கும் உண்டு. அந்த மாதங்களில் வேப்பிலையும் தூசியும் குளத்தில் வந்து விழுந்தபடியே இருக்கும். வேப்பமரத்தின் பக்கம் குளத்தைக் கொண்டுபோகாதீர்கள்.

கிழக்குக் கடற்கரைவாசி:

தோப்புக்காரர் ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது; தோப்பு இருப்பவருக்கு அதுவே சிறந்த ஏற்பாடு. ஆனால் 14 சென்ட் மனையில் அவ்வளவு நீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை எங்கே விடுவது? நீரை மாற்றாமல் விட்டால் டெங்குக் கொசு அங்கேயே முட்டையிடும். மேலும், 2024ஆம் ஆண்டில் கேரளத்தில் அமீபா மூளைக்காய்ச்சலால் சிறுவர்கள் இறந்ததை நாம் படித்தோம். குளோரின் இல்லாத வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் அந்த அமீபா, மூக்கு வழியாகத்தான் உள்ளே போகிறது.

பொள்ளாச்சித் தோப்புக்காரர்:

அந்தச் செய்தி எனக்கும் தெரியும். அதனால்தான் ஒவ்வொரு முறையும் தொட்டியை வடித்து, தென்னை விளக்குமாற்றால் தேய்த்து, வெயிலில் காயவிட்டுப் பிறகு நிரப்புகிறோம். வடிக்காத தொட்டியில் பேரப்பிள்ளைகளை இறக்குவதில்லை.

வடவள்ளிக்காரன்:

அனைவருக்கும் நன்றி. இந்த இழையை வீட்டில் வாசித்துக் காட்டினேன். சோதனைக் குப்பியைத் தினமும் தான் பார்த்துக்கொள்வதாக அப்பா சொல்கிறார். இருந்தாலும் என் மனைவி இன்னும் முழுதாக இணங்கவில்லை. போர் தண்ணீரில் இரும்பும் கடினத்தன்மையும் எவ்வளவு என்று பார்க்க மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறோம். குளத்தை 18 அடிக்கு 10 அடியாகக் குறைத்து, அப்பா நடப்பதற்கு ஏற்றபடி ஆழத்தை எங்கும் ஒரே சீராக மூன்றரை அடியாக வைத்தால் கட்டுமானத்தில் ஏதேனும் சிக்கல் வருமா?

கட்டுமானப் பொறியாளர்:

சிக்கல் எதுவும் இல்லை. நீரும் 18,000 லிட்டருக்குள் அடங்கிவிடும். அடித்தளம் உறிஞ்சு வாய்களை நோக்கி இலேசாகச் சரிந்திருக்கட்டும், இல்லாவிட்டால் இறைக்கும்போது மூலையில் நீர் தங்கும். அப்பா இறங்குவதற்குச் சுவரில் பதித்த இரும்பு ஏணி வேண்டாம். ஆறு அங்குல உயரத்துக்கு மேற்படாத அகலமான படிகளும், வழுக்காத டைல்ஸும், ஒரு பக்கம் கைப்பிடியும் வையுங்கள். மூன்றரை அடி ஆழத்தில் தலைகீழாகக் குதித்தால் கழுத்து முறியும் என்பதைப் பிள்ளைகளுக்கு இப்போதே சொல்லிவிடுங்கள்.